எங்கே ஆள் எடுக்கிறார்கள்

தில்லியில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருக்கிறேன் என்று சொன்னால் போதும், கேட்பவர் முகம் மலர்ந்துவிடும். "அப்படியா, நம்ம பையனுக்கு ஏதாவது பாத்துச் சொல்லேன்" என்பார்கள். பதிவு செய்வதும் நேர்முகத்துக்கு ஆள் அனுப்புவதும் கீழ்த்தளத்தில் நடந்தன. காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வரிசை வாசலைத் தாண்டி வெளியே நின்றிருக்கும். நான் ஒதுங்கி அதைக் கடந்து மாடிக்குப் போவேன். மாடியில் நாங்கள் யாருக்கும் வேலை வாங்கித் தரவில்லை. வேலைகளைப் பற்றிய தகவலைத் திரட்டினோம். எந்தத் தொழிலில் ஆள் கூடுகிறது, எங்கே குறைகிறது, என்ன படித்தவர்கள் தேங்கி நிற்கிறார்கள் என்பதெல்லாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனிகள் இதை எழுதி அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருந்தது. பலர் அனுப்ப மாட்டார்கள். அவர்களுக்கு ஞாபகக் கடிதம் போடுவதும், அதற்கும் மசியாதவர்களை நேரில் போய்ப் பார்ப்பதும், வந்ததையெல்லாம் கூட்டி அறிக்கையாக்குவதும் என் பொறுப்பு.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று சேர்ந்த புதிதில் என் மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் ஒரு பஞ்சாபிக்காரர், ஓய்வுபெறச் சில வருஷங்களே இருந்தன. எந்தத் தொழிற்பயிற்சிக்கு எத்தனை இடம் ஒதுக்கலாம் என்று இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள், பத்தாவது முடித்த பிள்ளைக்கு எதைப் படி என்று சொல்ல இதுதான் ஆதாரம் என்று ஹிந்தியில் பொறுமையாக விளக்கினார். பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அறிக்கை அச்சாகி வருவதற்குள் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்" என்றார்.

அறிக்கைக்குள் வராதது எவ்வளவு என்பதும் போகப்போகத் தெரிந்தது. சிறிய பட்டறைகள் எங்கள் கணக்கில் சேரவே சேராது. கீழே பதிந்திருந்தவர்களில் பலர் எங்கேயோ ஒரு வேலையில் இருந்துகொண்டே சர்க்கார் வேலைக்காகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். வேலையே இல்லாத பலர் பதியாமல் இருந்தார்கள். காலியிடம் என்று ஒரு கம்பெனி எழுதி அனுப்பும்போது, அந்த நாற்காலியில் மானேஜரின் மச்சினன் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பான். ஆனாலும் வருஷக்கணக்கில் அதே எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், எது ஏறுகிறது எது இறங்குகிறது என்பது மட்டும் ஓரளவு பிடிபட்டுவிடும்.

அப்போது நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்த அப்பா ஓய்வுபெற்று அம்மாவோடு பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டார். கால்காஜியில் ஒரு வீட்டின் மாடியில் அக்கா, அத்தான், பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகள், நான் என்று நாலு பேர். அத்தான் ஓக்லாவில் ஒரு டி.வி. தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பாகங்களைப் பூட்டி முடித்த டி.வி. பெட்டிகள் கடைசியில் அவரிடம் வரும். படத்தையும் சத்தத்தையும் பார்த்து அவர் சரி என்று சொன்னால்தான் அட்டைப்பெட்டிக்குள் போகும். யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் டி.வி.யின் முதுகில் கைவைத்துச் சூடு பார்ப்பார். அதற்கப்புறம்தான் நலம் விசாரிப்பு.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கலர் டி.வி.க்கள் கடைகளை நிறைத்தன. உள்ளூர் டி.வி. கம்பெனிகளில் ஆள் எண்ணிக்கை காலாண்டுக்குக் காலாண்டு சரிவதை நான் அலுவலகத்தில் பார்த்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அத்தானிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஏ புள்ள, உன் கணக்கெல்லாம் பேப்பர்ல. எங்க முதலாளி போன வாரந்தான் புதுக் கார் எடுத்திருக்காரு."

அடுத்த கோடையில் முதலில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். பிறகு ஒரு காலையில் அத்தான் வேலைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தார். கேட்டில் பூட்டுத் தொங்குவதாகச் சொன்னார். அக்கா அவருக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவை வாங்கி, அப்படியே சமையல் மேடையில் வைத்தாள். மத்தியானம் அதையே திறந்து அவருக்குப் பரிமாறினாள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, காலையில் அலுவலக வாசலில் வரிசையைக் கடக்கும்போது அத்தானைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையுமாக, தன் மகள் வயதுப் பையன்களுக்கு நடுவில் நின்றிருந்தார். எனக்குப் பின்னால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்திருக்க முடியாது. நான் எழுவதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போயிருக்கிறார்.

"அத்தான், இங்கன எதுக்கு நிக்கிய? மேல வாங்க."

"நீ போம்மா. வரிசையில நின்னுதான பதியணும். உன் பேரைச் சொல்லி முன்னால போனா உனக்குல்லா கேவலம்."

மத்தியானம் பதிவை முடித்துக்கொண்டு மாடிக்கு வந்தார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, சுவரோரம் அடுக்கியிருந்த அறிக்கைகளைச் சுற்றிலும் பார்த்தார். "இவ்வளவும் வேலையைப் பத்தித்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப எங்க ஆள் எடுக்கான்னு உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? எனக்குன்னு பாரு. ஒரே ஒரு ஆளுக்கு."

அந்த வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவரை நான் யாரோ ஒருவருக்காக, பெயரும் வயதும் உள்ள ஒரு மனிதருக்காக, அந்தத் தகவலைப் புரட்டியதில்லை. அதற்குப் பிறகு பல வாரம் அதுதான் என் வேலையாக இருந்தது. அறிக்கைகளில் இல்லாததைத் தேடி போன் செய்தேன். தகவல் தராத கம்பெனிகளைப் பார்க்கப் போகும் சாக்கில் ஓக்லாவிலும் நொய்டாவிலும் ஆள் எடுக்கும் அதிகாரிகளிடம் உட்கார்ந்து பேசினேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் விளம்பரங்களை வரி விடாமல் படித்தேன்.

கிடைத்த சித்திரம் தெளிவாகவே இருந்தது. நொய்டாவில் டி.வி. வேலை இருந்தது. ஆனால் ஐ.டி.ஐ. முடித்த, இருபத்தைந்து தாண்டாத பையன்களை ஒரு கான்ட்ராக்டர் மூலம் எடுத்தார்கள். சோதனை செய்யும் இடத்தில் மனிதருக்குப் பதில் மெஷின் வந்திருந்தது. நாற்பது தாண்டியவர்களுக்குக் காவல் வேலை உண்டு. ஆங்கிலம் சரளமாகப் பேசும் பிள்ளைகளைக் குர்காவ் பக்கம் தேடுகிறார்கள். அத்தானுக்குத் தெரிந்ததற்கு அருகில் வருவது ஒன்றே ஒன்றுதான். நேரு ப்ளேஸில் கம்ப்யூட்டர் மானிட்டர்களைப் பழுது பார்க்கும் ஒரு கடையில் கைத்திறன் உள்ள ஆள் வேண்டும் என்றார்கள். பழைய சம்பளத்துக்குக் கிட்டேகூட வராது.

ஒரு ஞாயிறு காலை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் அத்தான் கேட்டார்.

"சூப்பர்வைசர் வேலை எங்கயுமே இல்லையா?"

"உங்க வயசுக்கு இல்ல அத்தான்."

"இதைச் சொல்லதுக்கா சர்க்கார் உனக்குச் சம்பளம் கொடுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இவ்வளவு சொல்லியிருக்க வேண்டுமா என்ற கேள்விதான் இருந்தது. நான் அப்போதும் வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று யோசித்தேன். இப்போதும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுநாளே அவர் நேரு ப்ளேஸுக்குப் போனார். மானிட்டரும் டி.வி.யும் ஒரே குடும்பம்தான் என்று சொல்லிக்கொண்டு முதல் சில நாள் உற்சாகமாகவே இருந்தார். கடைக்காரனுக்கு முப்பதுகூட ஆகவில்லை. நல்ல பையன்தான், வேலையும் சொல்லிக்கொடுத்தான். ஆனால் ஒரு வாரத்தில் அத்தான் போவதை நிறுத்திவிட்டார். என்ன நடந்தது என்று அக்கா துருவித் துருவிக் கேட்டதும் சொன்னார்.

"அவன் என்னை அங்கிள்ங்கான். அங்கிள், அந்தப் பெட்டியத் தூக்குங்க. அங்கிள், ஜல்தி. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக்கூடப் பரவால்லன்னு இருக்கு."

அதன்பின் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருந்தார். பிறகு திடீரென்று மறுபடியும் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். முகச்சவரம், துடைத்த செருப்பு, கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை. கரோல் பாக்கில் ஒரு ஆள் சேர்ப்பு ஏஜென்சி கிடைத்திருக்கிறது, பெரிய கம்பெனிகளோடு அவர்களுக்குத் தொடர்பு இருக்கிறது, அனுபவசாலிகளைத்தான் எடுக்கிறார்கள் என்றார். வீட்டில் சிரிப்பு திரும்பியது. அக்கா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தாள்.

எனக்குச் சந்தேகம். அவர்கள் பெயர் சொன்ன கம்பெனிகளில் எனக்குப் பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு ஏஜென்சியை யாரும் கேள்விப்பட்டதில்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு நேரில் போனேன்.

ஒரு புடவைக் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறினால் ஒரே ஒரு அறை. சுவர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் அத்தானைப் போலவே பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் நாற்பதுக்கு மேல், எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில். ஒருவர் டை கட்டியிருந்தார். மேஜையில் ஒரு பெண் போனில் பேசுவதும் வைப்பதுமாக இருந்தாள். அத்தான் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார். ஆனால் உடனே எழுந்து மற்றவர்களிடம் ஹிந்தியில் பெருமையாகச் சொன்னார், "என் மனைவியின் தங்கை, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருக்கிறாள், தில்லியில் எந்தக் கம்பெனியில் என்ன நடக்கிறது என்று இவளுக்குத் தெரியும்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. டை கட்டியவர் ஒரு நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.

"மேடம், எங்கே ஆள் எடுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொன்னேன். நொய்டா, கான்ட்ராக்டர், இருபத்தைந்து வயது, காவல் வேலை. என் குரல் அந்த அறையில் எனக்கே அந்நியமாகக் கேட்டது. யாரும் என்னோடு வாதாடவில்லை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து பேப்பரைப் படிக்க ஆரம்பித்தார். இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மேஜைப் பெண், "மேடம், இங்கே வேலையைக் கெடுக்காதீர்கள்" என்றாள். டை கட்டியவர் மட்டும் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அப்படியானால் நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டார். அதற்கான பதில் எங்கள் அறிக்கைகள் எதிலும் கிடையாது. நான் எழுந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அந்த ஏஜென்சிக்காரன் ஏமாத்துக்காரன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தொடர்ந்தார்.

"அங்க போனா அந்தப் பிள்ள நாளைக்கு வாங்கன்னு சொல்லும். தினமும் சொல்லும். காலையில எந்திரிச்சுக் குளிச்சுக் கிளம்பதுக்கு அது ஒண்ணு போதும்லா. நீ சொன்னதெல்லாம் உண்மைதாம்மா. ஆனா அதுல நாளைக்குன்னு ஒரு வார்த்த இல்ல."

அடுத்த மாதம் அந்த அறை காலியாகிவிட்டது. அத்தான் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போனதை வைத்து நாங்களாகப் புரிந்துகொண்டோம்.

குளிர் தொடங்கும்போது, பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவர் சொல்லி, நொய்டாவில் ஒரு குடியிருப்பின் கேட்டில் காவலாளியாகச் சேர்ந்தார். நான் சொன்ன வேலைதான். ஆனால் அது என் மூலம் வராததில் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ட்யூட்டி. கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாளிடம் மறுபடியும் சூப்பர்வைசர் வேலை என்று சொல்லிவைத்திருந்தோம். அதனால் அவருடைய நீலச் சீருடைச் சட்டையை அக்கா மொட்டைமாடியில் உலர்த்த மாட்டாள். அறைக்குள்ளே கதவின் மேல் விரித்துப் போடுவாள். தில்லிக் குளிரில் அது முழுதாகக் காயாது. அந்த ஈரத்தோடுதான் பல நாள் அவர் போட்டுக்கொண்டு போனார். பனிமூட்டத்தில் கேட்டருகே நின்று நின்று இருமல் பிடித்தது. கோடையில் விட்டு, அடுத்த குளிரில் திரும்பி வந்தது. அப்புறம் விடவேயில்லை.

அந்த நாட்களில் அலுவலகத்தில் நான் ஒரு காரியம் செய்து பார்த்தேன். நான் திரட்டியதில் அப்போதைக்கு உதவக்கூடியதை, எங்கே எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், வயது, தோராயச் சம்பளம், கான்ட்ராக்டா நேரடியா என்று எளிய ஹிந்தியில் ஒரு தாளில் எழுதி, கீழே வரிசை நிற்கும் இடத்தில் ஒட்டலாமா என்று மேலதிகாரியைக் கேட்டேன். "கையெழுத்துப் போடாமல் ஒட்டு" என்றார். ஒட்டினேன். மாதாமாதம் மாற்றினேன். ஆட்கள் நின்று படித்தார்கள், சிலர் கையில் எழுதிக்கொண்டார்கள். நொய்டாவில் வேலை கிடைத்ததென்று சொல்ல ஒரு பையன் படியேறி வந்தான். ஒரு மாதம் பழைய தாளைக் கிழிக்கப் போனபோது, 'வயது இருபத்தைந்துக்குள்' என்று நான் எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால், 'மற்றவர்கள்?' என்று எழுதியிருந்தார்கள். புதிய மேலதிகாரி வந்ததும் அலுவல்முறை இல்லாத தாள்கள் எதுவும் சுவரில் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். என் தாளும் போயிற்று.

அக்கா மகள் கல்லூரிப் படிப்பைத் தபாலில் முடித்தாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனால் ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வரும். அந்த நேரத்தில் குர்காவில் கால் சென்டர்கள் பெருகிக்கொண்டிருந்தன. விசாரித்துவிட்டு அவளிடம் சொன்னேன். "சித்தி, சச்சி? நிஜமாவே இவ்ளோ கொடுக்கறாங்களா?" என்று குதித்தாள். ராத்திரி வேலையா, பெண்பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று அக்கா அழுதாள். அத்தான் கட்டிலில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"நீ நல்லா விசாரிச்சியா?"

"விசாரிச்சேன் அத்தான்."

"அப்ப போகட்டும்."

அவளுக்கு முதல் மாதமே அவள் அப்பா தொழிற்சாலையில் வாங்கியதைவிட அதிகம் வந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம், அவரும்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசும் குரல் மாறிவிட்டது. ஏதோ மேலதிகாரியிடம் அனுமதி கேட்பதுபோல் மெதுவாகப் பேசுவார். மழைக்காலம் முடிந்ததும், இன்னொரு தில்லிக் குளிரை நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்ல, அவரும் அக்காவும் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார்கள். நானும் அக்கா மகளும் அதே மாடியில் இருந்தோம். அவள் நான் கிளம்பும் நேரத்துக்கு வந்து படுப்பாள்.

சில வருஷம் கழித்து அத்தான் போன் செய்தார். அவர் தங்கை மகன் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருக்கிறான், தில்லிக்கு அனுப்பலாமா என்று கேட்டார்.

"உள்ளத உள்ளபடி சொல்லு. மறைக்காத."

"எடுப்பாங்க அத்தான். ஆனா கான்ட்ராக்ட்தான். நிரந்தரம் கேக்கதுக்கு முன்னால நிறுத்திருவாங்க. இன்னொரு கான்ட்ராக்டர்கிட்டப் போய்ச் சேரணும். எல்லா இடத்துலயும் இப்ப அப்படித்தான்."

மறுமுனையில் இருமல் மட்டும் கேட்டது.

"இதை நான் அவன்கிட்ட எப்படிம்மா சொல்ல?" என்றார்.

அவர் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் அந்தப் பையன் நிஜாமுதீன் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். அழைத்துவரப் போனேன். சர்டிபிகேட்டுகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். அக்கா கொடுத்துவிட்ட ஊறுகாய் பாட்டில் பையில் உடைந்து எண்ணெய் வடிந்திருந்தது, அதற்காக என்னிடம் திரும்பத் திரும்ப வருத்தம் தெரிவித்தான். ஆட்டோவில் போகும்போது இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அத்தை, நொய்டால கம்பெனி நிறைய இருக்காமே?"

"நிறைய இருக்கு" என்றேன்.

வந்த வாரத்திலேயே அவனுக்கு வேலை கிடைத்தது. வருஷம் முடியுமுன் நிறுத்தினார்கள். இப்போது எத்தனையாவது கம்பெனியில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அத்தான் இறந்தபோது அவனுக்கு லீவு கொடுக்கவில்லை. போன் செய்து அழுதான், பின்னால் மெஷின் ஓடும் சத்தத்தில் அவன் என்ன சொன்னான் என்பது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.